மொரீஷியஸில் குடித்தனம்: தண்ணீரைக் கேட்டுவிட்டு வாடகையைக் கேளுங்கள்

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு மொரீஷியஸில் எபென் பகுதியில் மூன்று ஆண்டு வேலை. நவம்பர் முதல் வாரத்தில் நான், 5 வயது மகன், மாமியார் எல்லோரும் சேர்ந்தே போகிறோம். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி எல்லாவற்றையும் கப்பலில் போட்டுவிடலாம் என்கிறார் மாமியார். ஒன்றுமே வேண்டாம், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். இணையத்தில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. இங்கிருந்தே அட்வான்ஸ் கட்டிவிடலாமா? நம் அரிசி, பருப்பு, காய்கறி கிடைக்குமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி. கிரைண்டர் விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வது சரி. அட்வான்ஸை மட்டும் அங்கிருந்து கட்டாதீர்கள்.

நீங்கள் வந்து இறங்குகிற மாதம் அப்படி. நவம்பரில் வறட்சி முற்றியிருக்கும். பெருமழை பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகுதான். தீவின் பெரிய நீர்த்தேக்கமான மார் ஓ வாக்வாவில் நீர்மட்டம் இறங்க இறங்க, குழாயில் தண்ணீர் விடும் நேரமும் சுருங்கும். ஒரு தெருவில் நாள் முழுக்க வரும். இரண்டு தெரு தள்ளி காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம்தான் வரும். இதை எந்த விளம்பரமும் சொல்லாது, புகைப்படத்திலும் தெரியாது. அதோடு, இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முதல் மூன்று வாரத்துக்குச் சாமான்களோடு உள்ள சிறிய ஃபிளாட் ஒன்றை நாள் வாடகைக்கோ வார வாடகைக்கோ எடுத்துக்கொண்டு, நேரில் நடந்து பார்த்து வீட்டை முடியுங்கள்.

எந்த ஊர் என்பது இங்கே பெரும்பாலும் உயரக் கணக்கு. போர்ட் லூயியும் மேற்குக் கடற்கரையும் வெக்கை. மேற்குக் கரையில் ஆண்டு மழை 800 மி.மீ. அளவுக்குக்கூட இறங்கும். நடு மேட்டுநிலத்தில் அது 4,000 மி.மீ. வரை போகும். சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப்பில் வீடு பெரிதாகக் கிடைக்கும், தோட்டமும் கிடைக்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. பீரோவுக்குள் பட்டுப் புடவையும் தோல் செருப்பும் பூஞ்சை பிடிக்கும். மாமியாருக்கு மூட்டு வலியோ இளைப்போ இருந்தால் கியூர்பிப், ஃப்ளோரியால் பக்கம் வேண்டாம். எபெனில் வேலை என்றால் ரோஸ் ஹில், காத்ர் போர்ன் இரண்டையும் முதலில் பாருங்கள். இரண்டுமே நடுத்தர உயரம். போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வாக்வா வழியாகக் கியூர்பிப் வரை மெட்ரோ ஓடுகிறது. ரோஸ் ஹில்லிலிருந்து எபென் வழியாக ரெதுயி போகும் கிளையும் 2023-இல் வந்துவிட்டது. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் வீடு கிடைத்தால் முதல் ஆறு மாதத்துக்குக் கார் கவலை இல்லை.

இனி வீடு பார்க்கும் முறை. விளம்பரத்தில் 'மேப்ளே' என்று இருந்தால் கட்டில், சோபா, ஃபிரிட்ஜ், அடுப்பு, பல வீடுகளில் வாஷிங் மெஷினும் சேர்த்து என்று பொருள். மூன்று ஆண்டுக்குத்தான் வருகிறீர்கள் என்பதால் இதுவே உங்களுக்கு ஏற்றது. 'ஆந்திவோல்' என்றால் ஜன்னல் கம்பி. தரைத்தளம் என்றால் அது இருந்தே ஆக வேண்டும். ஏஜென்டிடம் கேட்பதற்கு முன்னால் மாடிக்கு ஏறித் தொட்டியைப் பாருங்கள். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 500 முதல் 600 லிட்டர் ஆகும். 1,000 லிட்டர் தொட்டி இரண்டு நாள்கூடத் தாங்காது; 2,000 இருந்தால் நிம்மதி. மூடி இறுகப் பொருந்துகிறதா, வழியும் குழாயின் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2006-இல் இந்தத் தீவையே படுக்கப் போட்ட சிக்குன்குனியா 2025-இலும் திரும்பி வந்தது. அதைப் பரப்பும் கொசு இப்படிப்பட்ட தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீர் வரும் நேரத்தை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். 'சென்ற நவம்பரில் எப்படி வந்தது?' என்று மாதத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது அழுத்தம். தொட்டி குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீட்டில் 3 மீட்டர்தான் இருக்கும், அதாவது 0.3 பார். குளிக்க அது போதும். வாஷிங் மெஷின் தண்ணீர் வரவில்லை என்று பாதியில் நிற்கும். கேஸில் ஓடும் உடனடி வெந்நீர்க் கருவி பற்றவே பற்றாது. பலர் கருவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசைத் தொலைக்கிறார்கள். சிறிய அழுத்த பம்ப் இருந்தால் இது தீரும். பம்ப் இருக்கிறதா, அது ஓடும்போது ஷவரில் எப்படி வருகிறது என்று திறந்தே பாருங்கள். அந்தக் கேஸ் கருவி குளியலறைக்கு உள்ளே மாட்டியிருந்தால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மூடிய அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். கருவி வெளிச் சுவரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாடியில் சோலார் இருக்க வேண்டும்.

பூஞ்சையைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். கட்டிய அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதிதாக ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கூரை முழுக்கக் கான்கிரீட்டா என்பதும் முக்கியம். 1960-இல் கேரல் புயல் அடித்துப் போட்ட பிறகுதான் இங்கே கான்கிரீட் வீடு பெருகியது. இன்னமும் பின்கட்டு, சமையலறை மட்டும் தகரக் கூரையாக உள்ள வீடுகள் உண்டு. வாய்க்கால், ஓடை ஓரத்து வீட்டையும் தள்ளிவிடுங்கள். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் வந்த திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 15-இல் பெலால் புயலின்போது அதே நகரில் கார்கள் மிதந்துபோயின.

பணக் கணக்கு. ஏஜென்ட் கூலி வழக்கமாக ஒரு மாத வாடகை, அதன் மேல் 15 சதவீத வாட் வரி. டெபாசிட் ஒன்று அல்லது இரண்டு மாதம். முதல் மாத வாடகை முன்பணம். கணக்குக்காக வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சாவி கைக்கு வரும்போது 94,500 முதல் 1,24,500 வரை போயிருக்கும். இது மொரீஷியஸ் ரூபாய். நம் ரூபாய் என்று நினைத்துவிடாதீர்கள், மாற்று மதிப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. கணவரின் முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும் என்பதால் நான்கு மாத வாடகைக்கும் மேலான பணம் கையில் இருக்க வேண்டும். டெபாசிட்டைத் திரும்ப வாங்குவது சாவி வாங்கும் அன்று செய்யும் வேலையில்தான் இருக்கிறது. 'எத்தா தெ லியே' என்ற பட்டியலில் ஒவ்வொரு அறையின் நிலையும் ஒவ்வொரு சாமானும் எழுதி இருவரும் கையெழுத்திடுவார்கள். சோபாவின் கறை, அடுப்பின் உடைந்த குமிழ், கண்ணாடியின் கீறல் எதையும் விடாதீர்கள். மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டின் எண்ணையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். மின்சாரமும் தண்ணீரும் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கும். கடைசி மூன்று மாத பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பழைய பாக்கி இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இப்போது கப்பல் விஷயம். சில சாமான்களை மட்டும் அனுப்பினால் கன மீட்டர் கணக்கில் கட்டணம் கேட்பார்கள். அது மலிவாகத் தெரியும். போர்ட் லூயி துறைமுகத்தில் இறக்குக் கூலி, ஏஜென்ட் கூலி, இலவச நாள் தாண்டினால் கிடங்கு வாடகை என்று வருவதைச் சேர்த்தால் கட்டிலின் விலையைவிடக் கட்டிலை எடுக்கும் செலவு கூடிவிடும். உங்கள் மர பீரோ மேட்டுநில ஈரத்தில் உப்பிக் கதவு சிக்கும், அது வேறு.

பெட்டியில் வர வேண்டியவை வேறு. மேசை கிரைண்டர் ஒன்று; 2 லிட்டர் கிரைண்டர் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். கல்லைத் தனியாகத் துணியில் சுற்றி இன்னொரு பெட்டியில் வையுங்கள். பாத்திரத்துக்குள்ளேயே விட்டால் விமானத்தில் அடிபட்டு அடிப்பாகம் நெளியும். மிக்ஸி, இட்லித் தட்டு, பிரஷர் குக்கர், காபி ஃபில்டர். குக்கருக்கு இரண்டு கேஸ்கெட், இரண்டு சேஃப்டி வால்வு உபரியாகக் கொண்டு வாருங்கள். உங்கள் குக்கரின் அளவுக்கு ரப்பர் தேடி இங்கே அலைய வேண்டியதில்லை. கேஸ் ரெகுலேட்டர், டியூப், அடுப்பு மூன்றும் வேண்டாம். இங்கே வீட்டுக்கு வருவது 12 கிலோ சிலிண்டர். அதன் வாய்க்கு ஏற்ற ரெகுலேட்டரை சிலிண்டர் வாங்கும் கடையிலேயே வாங்குங்கள். புது டியூப் மாட்டியதும் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் ஊர்ப் பொருள் அப்படியே ஓடும், பிளக் மட்டும் நுழையாது. இங்கே சதுர மூன்று முள் கொண்ட 13 ஆம்பியர் பிரிட்டிஷ் பிளக், சில இடங்களில் இரண்டு உருண்டை முள். பெரும்பாலானவர்கள் விமான நிலையத்தில் விற்கும் அடாப்டரை மாட்டி கிரைண்டரை ஓட்டுகிறார்கள். அவற்றில் பலவற்றில் எர்த் முள் பெயருக்குத்தான். ஈரக் கையோடு மாவு தள்ளும்போது 'சுரீர்' என்பது அதனால்தான். இன்னும் சிலர் மேல் குழியில் பேனாவை விட்டு ஷட்டரைத் திறந்து இரண்டு முள் பிளக்கைச் செருகுவார்கள். 5 வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அதை அவன் கண்ணில் காட்டாதீர்கள்.

சரியான வழி, பழைய பிளக்கை வெட்டிவிட்டு 13 ஆம்பியர் பிளக்கை மாட்டுவது. பழுப்பு அல்லது சிவப்பு ஒயர் ஃபியூஸ் உள்ள பக்கத்துக்கு, நீலம் அல்லது கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு. எர்த் ஒயரை மற்றதைவிடச் சற்று நீளமாக விடுங்கள், இழுபட்டால் அது கடைசியாகக் கழன்றால் போதும். பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸையும் பொருளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். கிரைண்டர் 150 வாட் என்றால் 3 ஆம்பியர் போதும். 750 வாட் மிக்ஸி 3.3 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 5 ஆம்பியர். 3 போட்டால் சட்னி அரைக்கும்போதே போய்விடலாம். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர், அதற்கு 13. கடையில் பிளக் வாங்கும்போது உள்ளே 13 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். அதையே எல்லாவற்றுக்கும் விட்டுவிட்டால் மிக்ஸி ஒயர் எரிந்தாலும் ஃபியூஸ் போகாது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். இங்குள்ள தமிழ் வம்சாவளியினர் பெரும்பாலும் வீட்டில் பேசுவது கிரியோல் என்ற உள்ளூர் மொழி. ஆனால் சந்தைக்குப் போனால் தமிழ் காதில் விழும். பீர்க்கங்காய் 'பிபங்காய்', கொத்துமல்லி 'கொத்தோமிலி', கறிவேப்பிலை 'காரிபூலே', முருங்கைக்கீரை 'ப்ரெத் மூரூம்', ரசம் 'ராசோன்'. சௌசௌ இங்கே 'ஷூஷு'. பழகாத பெயர்கள் சிலதான்: வெண்டை 'லாலோ', பாகல் 'மார்கோஸ்', புடலை 'பாத்தோல்', பரங்கி 'ஜிரோமோன்', தக்காளி 'போம்தாமூர்'. 'கொம்யே சா?' என்றால் இது எவ்வளவு. பதிலாக வரும் விலை பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு, அதை 'லிவ்' என்பார்கள். கிலோ விலை என்று நினைத்து, மலிவுதான் என்று வாங்கிவிட்டுப் பின்னால் பில்லைப் பார்த்து முழிக்கிறவர்கள் நிறைய. காத்ர் போர்னில் காய்கறிச் சந்தை புதனும் சனியும். வியாழனும் ஞாயிறும் போனால் அங்கே துணி விற்பார்கள்.

பருப்பில்தான் ஒரு சிக்கல். 'தோல்' என்று மஞ்சளாக விற்பது பெரும்பாலும் உடைத்த பட்டாணி. சாம்பாரில் போட்டால் கூழாகும், ருசியும் வராது. துவரம்பருப்பு வேண்டுமென்றால் பையின் மேல் பெயரைப் படித்து வாங்குங்கள். இந்தியப் பொருள் விற்கும் கடைகளில் உண்டு. அரிசி என்றால் பாசுமதியும் நீள வெள்ளை அரிசியும்தான் எங்கும். இட்லி அரிசி எல்லாக் கடையிலும் இருக்காது. கிடைக்கிற கடையைக் கண்டதும் இரண்டு மாதத்துக்கு வாங்கி வையுங்கள். குளிர் மாதங்களில் மேட்டுநிலத்தில் மாவு எட்டு மணி நேரத்தில் பொங்காது, பதினான்கு மணி நேரம்கூட ஆகும். ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் போட்டுவிட்டால் அந்தச் சூடு போதும். விதை, செடி, நாற்று, பச்சைக் காய், பழம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே போய்விடும். கறிவேப்பிலைக் கன்று இங்கேயே கிடைக்கும்.

புயல் காலம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை. எச்சரிக்கை நான்கு நிலை. ஒன்று என்றால் இன்னும் ஒன்றரை நாளோ இரண்டு நாளோ இருக்கிறது, சாமான் வாங்குங்கள். இரண்டாம் நிலையில், மணிக்கு 120 கி.மீ. காற்று வருவதற்கு முன் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி பார்த்து அறிவிப்பார்கள். மூன்று என்றால் 6 மணி நேரம். எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும், கடை, பஸ் நின்றுவிடும். நான்காம் நிலை வந்த பிறகு கதவைத் திறக்கக் கூடாது. முதல் நிலையிலேயே மேல்தொட்டியை நிரப்புங்கள். நிரம்பிய 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன் கனம், அசையாது. காலித் தொட்டி காற்றில் பறக்கும். தண்ணீர் விடுவதை எப்படியும் நிறுத்துவார்கள், மின்சாரமும் போகும். இன்னொரு சிலிண்டர், பேட்டரி ரேடியோ, டார்ச், குழந்தை மருந்து, நான்கு பேருக்கு மூன்று நாள் குடிநீராகக் குறைந்தது 40 லிட்டர். பால்கனிச் செடித்தொட்டி, துணிக்கொடி, மாப்புக் குச்சி எல்லாம் உள்ளே வரட்டும். காற்று திடீரென்று அடங்கி வானம் வெளுத்தால் புயல் போய்விட்டது என்று வெளியே போகாதீர்கள். அது கண், எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

மகனுக்குப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், அதனால் நவம்பரில் வந்ததுமே விசாரிக்க வேண்டும். அவனுக்கு ஆங்கிலம் சிக்கலாகாது, பிரெஞ்சு சிக்கலாகும். கூடப் படிக்கிற பிள்ளைகள் கிரியோலும் பிரெஞ்சும் கேட்டு வளர்ந்தவர்கள். இப்போதே வாரத்துக்கு மூன்று நாள் அரை மணி நேரம் பாட்டும் எண்ணும் பிரெஞ்சில் கேட்கட்டும். தொடக்கப் பள்ளிகளில் தமிழும் விருப்பப் பாடமாக உண்டு. சேர்க்கும் பள்ளியில் அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

மாமியார் பூஜைச் சாமானில் ஒரு குத்துவிளக்கும் மணியும் மட்டும் எடுத்துவரட்டும். கற்பூரம், சாம்பிராணி இங்கே கிடைக்கும். தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை. அவர் தனியாகக் கடைக்குப் போகலாம் என்பதற்கு ஒரு சின்ன வசதி உண்டு: மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழிலும் மதிப்பு அச்சிட்டிருக்கும். 1998-இல் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்டபோது தமிழர்கள் எதிர்த்ததில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு, மருந்துச் சீட்டோடு, கைப்பையில் கொண்டுவாருங்கள். சீட்டில் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர் இங்குள்ள மருந்துக் கடைக்குத் தெரியாமல் போகலாம். தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை இருந்தால் அனுமதி வேண்டுமா என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று. உங்கள் திருமணச் சான்றிதழ், மகனின் பிறப்புச் சான்றிதழ், கணவருக்கும் மாமியாருக்கும் உள்ள உறவைக் காட்டும் கணவரின் பிறப்புச் சான்றிதழ் மூன்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லும்படி நம் அரசு உறுதி செய்து தரும் முத்திரை, வாங்குங்கள். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம் என்பதால் வாரக்கணக்கில் ஆகலாம். தமிழில் உள்ளதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அனுப்புவதற்கு முன் மூன்றையும் பாஸ்போர்ட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சான்றிதழில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருப்பது நம் ஊரில் சாதாரணம். இங்கே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டும் இரண்டு ஆள்களாகத் தெரியும். அப்படி இருந்தால் இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, அதற்கும் சேர்த்தே முத்திரை வாங்கிவிடுங்கள்.